ஷ்லையர்மாகர் விசுவாசத்தைக் கரைத்துவிட்டாரா?

பிப்ரவரி 1, மாலை (வாசகர் கேள்வி)

எங்கள் சேகரத்தில் வேதபாட வகுப்பு எடுக்கிறவர் போன வாரம் சொன்னது இது. லிபரல் இறையியல் கிறிஸ்தவமே இல்லையாம். கான்ட், ஹேகல் என்ற தத்துவவாதிகள் எழுதியதைப் படித்து மிரண்டுபோன ஜெர்மன் பேராசிரியர்கள், படித்தவர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது என்று அற்புதங்களை எடுத்தார்கள், பாவநிவாரணத்தை எடுத்தார்கள், கடைசியில் இயேசு என்ற நல்ல மனிதர் மட்டும் மிஞ்சினார் என்றார். எல்லாவற்றுக்கும் மூலகர்த்தா ஷ்லையர்மாகர் என்ற ஜெர்மன் இறையியலாளர் என்றும் சொன்னார். இது சரிதானா? தெரிந்த அண்ணன்மார் யாராவது விளக்கினால் நல்லது.

பிப்ரவரி 1, இரவு

தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி நடந்ததுதான். அற்புதங்களைக் கேள்வி கேட்டார்கள், பாவநிவாரண பலியைக் கேள்வி கேட்டார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மிரண்டுபோன பேராசிரியர் என்ற படம் ஷ்லையர்மாகருக்குக் கொஞ்சமும் ஒட்டாது. அவர் கதை ஜெபக்கூட்டத்தில் தொடங்குகிறது.

1768இல் பிரெஸ்லாவில் பிறந்தவர். அப்பா பிரஷ்யப் படையில் போதகர். 1783இல் பையனை நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபையார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதே வருடம் அம்மா இறந்துபோனார். மொரேவியன் சபையார் யார் என்றால், சின்சென்டார்ஃப் பிரபு தன் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பில் இடம்கொடுத்து வளர்த்த பக்தர் கூட்டம். இரட்சகரின் காயங்களைத் தியானிப்பார்கள், பாடுவார்கள், அழுவார்கள், சாட்சி சொல்வார்கள். வருடப்பிறப்பு ஆராதனையில் நாம் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அவர்கள் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். உபவாச ஜெபத்தில் வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளை ஒன்றை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தால் அரை மணி நேரத்தில் பழகிப்போகும்.

நீஸ்கியிலிருந்து பார்பியில் இருந்த அவர்களுடைய செமினரிக்குப் போனார். வெளியுலகப் புத்தகங்களுக்கு அங்கே தடை. பையன்கள் சிலர் சேர்ந்து கவிஞர் கதேயையும் கான்ட்டையும் ஒளித்துவைத்துப் படித்தார்கள். ஆசிரியர்கள் எதிர்த்தரப்பைக் கண்டித்தார்களே தவிர, அந்தத் தரப்பு சொல்வது என்ன என்று காட்டவே இல்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1787 ஜனவரியில் அப்பாவுக்கு எழுதிவிட்டார். தன்னை மனுஷகுமாரன் என்று சொல்லிக்கொண்டவர் நித்தியமான மெய்த்தேவன் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர் மரணம் நமக்குப் பதிலான பலி என்றும் நம்ப முடியவில்லை. பூரணத்தை அடைவதற்காக அல்லாமல் அதை நாடுவதற்காகவே மனிதனைப் படைத்த கடவுள், அடையவில்லை என்பதற்காக என்றென்றைக்கும் தண்டிப்பாரா? இதுதான் கடிதத்தின் சாரம். பையனுக்குப் பதினெட்டு வயது.

அப்பா கொதித்துப்போனார். புத்தியில்லாத மகனே, உன்னை மயக்கியவன் யார் என்று கலாத்தியர் நிருபத்தின் தொனியிலேயே பதில் எழுதினார். அந்த அப்பாவே, பன்னிரண்டு வருடமாவது உண்மையில் அவிசுவாசியாக இருந்துகொண்டே பிரசங்கம் செய்தவர் என்பதையும் மகனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போக அனுமதி கொடுத்தார். அங்கே தாய்மாமா பேராசிரியராக இருந்தார்.

நான் இறையியல் கல்லூரியில் இரண்டாவது வருடம் படித்தபோது, யோனாவை மீன் விழுங்கியதை நடந்த சம்பவமாக இனி என்னால் பிரசங்கிக்க முடியாது என்று அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டரில் எழுதினேன். அப்பா உபதேசியார். பதில் வரவில்லை. மாதக் கடைசியில் வழக்கம்போல மணியார்டர் வந்தது. பாரத்தின் அடியில் சேதி எழுதுகிற துண்டில் பென்சிலால், "மார்கழி வருது, போர்வை வாங்கிக்கொள்" என்று இருந்தது. அந்தத் துண்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஷ்லையர்மாகரின் கடிதத்தை நான் முதன்முதலில் படித்தபோது இதுதான் கண்முன் வந்தது.

பதினைந்து வருடம் கழித்து, 1802இல், அவர் மொரேவியன் குடியிருப்பு ஒன்றுக்கு மறுபடி போய்வருகிறார். அப்போது நண்பருக்கு எழுதியது: எத்தனையோ கடந்து வந்தபின் நான் மறுபடியும் ஹெர்ன்ஹூட்காரன் ஆகிவிட்டேன், ஆனால் மேலான ஒரு படியில். இப்படி எழுதுகிறவரை விசுவாசத்தைக் கரைத்தவர் என்று ஒரே வார்த்தையில் தள்ள என்னால் முடியாது.

பிப்ரவரி 2, காலை

ஒன்று விட்டுப்போனது. ஷ்லையர்மாகர் நீஸ்கியில் படித்த அதே 1780களில், தரங்கம்பாடிக்கு வெளியே மொரேவியன் சகோதரர்கள் தோட்டம் போட்டுக் கைத்தொழில் செய்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போகிற எண்ணத்துடன் 1760இல் வந்தவர்கள். ஏற்கெனவே அங்கே ஊழியம் செய்த ஹாலே மிஷனரிகளுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்கு 1706இல் வந்த மிஷனுக்கு முதுகெலும்பாக இருந்ததும் ஹாலேதான், 1787இல் ஷ்லையர்மாகர் போய்ச் சேர்ந்ததும் ஹாலேதான். நம் தமிழ்ச் சபைகளின் பாட்டன் வீடும் அவர் பாட்டன் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. லிபரல் இறையியலை யாரோ அந்நியர் கொண்டுவந்த சரக்கு என்று நாம் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

பிப்ரவரி 3

முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன். ஒருதலையாக இருக்கிறது. ஜெபக்கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜெர்மன் தத்துவத்தை ஓரத்தில் தள்ளிவிட்டேன். கான்ட் இல்லாமல் ஷ்லையர்மாகர் இல்லை. ஆகவே அதையும் சொல்கிறேன்.

கான்ட் 1781இல் செய்தது இதுதான்: கடவுள் உண்டு என்று தர்க்கத்தால் நிறுவவும் முடியாது, இல்லை என்று நிறுவவும் முடியாது என்று கதவை இரண்டு பக்கமும் சாத்தினார். விசுவாசத்துக்கு இடம் உண்டாக்க அறிவை விலக்க வேண்டியிருந்தது என்று 1787 பதிப்பின் முன்னுரையில் எழுதினார். பிறகு மதத்துக்கு வீட்டில் ஒரே ஓர் அறையைக் கொடுத்தார், அறம் என்ற அறை. மனச்சாட்சி கட்டளையிடுகிறது, அந்தக் கட்டளைக்குப் பின்னால் கடவுளை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கே 1794இல் அரசரிடமிருந்து கண்டன ஆணை வந்தது.

இன்னொரு பக்கம் ஸ்பினோசா சண்டை. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற பழைய தத்துவவாதி அவர். எழுத்தாளர் லெஸ்ஸிங் சாவதற்கு முன் தன்னை ஸ்பினோசாவைச் சேர்ந்தவராக ஒப்புக்கொண்டார் என்று 1785இல் யாகோபி என்ற தத்துவவாதி போட்டு உடைத்தார். கடவுளும் உலகமும் வேறா, ஒன்றா என்று ஜெர்மன் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. நாத்திகன் என்று நூறு வருடம் திட்டப்பட்ட ஸ்பினோசாவை, கவிஞர் நோவாலிஸ் கடவுள் போதை ஏறியவர் என்று சொன்னார். அந்த நோவாலிஸ் வளர்ந்ததும் மொரேவியன் பக்தி இருந்த வீட்டில்தான்.

ஷ்லையர்மாகர் 1796இல் பெர்லினுக்கு வந்தார், ஷாரிட்டே மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போதகராக. மாலையில் போவது ஹென்ரியெட்டா ஹெர்ஸ் வீட்டுக்கு. அவர் யூதப் பெண்மணி. கணவர் மார்க்குஸ் ஹெர்ஸ் கான்ட்டிடம் படித்த மருத்துவர். கவிஞர்களும் அறிஞர்களும் கூடுகிற வீடு அது. உணர்வையும் கற்பனையையும் முன்னிறுத்திய ரொமான்டிக் இயக்கத்தின் மூளையான ஃபிரீட்ரிக் ஷ்லேகல் இவருடன் ஒரே ஜாகையில் தங்கினார். 1797 நவம்பர் 21, இவருடைய பிறந்தநாள். 29 வயதாகிறது, இன்னும் ஒரு புத்தகம்கூட எழுதவில்லையே என்று நண்பர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். அதில் பிறந்ததுதான் 1799இல் பெயர் போடாமல் வந்த "மதம் பற்றிய உரைகள்". மதத்தை இகழும் படித்தவர்களுக்கு என்று அட்டையிலேயே இருக்கும்.

இங்கேதான் உங்கள் ஆசிரியர் தடுமாறுகிறார். அந்தப் படித்தவர்கள் முன்னால் இவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. அவர்கள் இவருடைய நண்பர்கள். நீங்கள் இகழ்வது மதத்தையே இல்லை, அதன் மேல் படிந்த கோட்பாட்டையும் நீதிபோதனையையும் என்று அவர்களிடம் சொல்கிறார். மதம் கடவுளைப் பற்றிய அறிவும் இல்லை, ஒழுக்கத்துக்கு ஊன்றுகோலும் இல்லை. எல்லையற்றதை எல்லையுள்ளதில் கண்டு அதற்குள் மூழ்கிப்போவது அது. கான்ட் கொடுத்த அறையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தனக்கென்று ஓர் அறை கேட்டார்.

ரொமான்டிக் நண்பர்களிடம் அவர் பெற்றது தனித்தன்மை என்ற எண்ணம். ஒவ்வொரு மனிதனும் முழுமையை வேறொரு கோணத்தில் காட்டுகிற கண்ணாடி. எல்லா மதத்துக்கும் பொதுவான சாரத்தைப் பிழிந்து இயற்கை மதம் என்று அந்தக் காலத்து அறிவொளிக்காரர்கள் வைத்திருந்தார்கள். ஐந்தாவது உரையில் அதை அவர் கிழித்துப்போடுகிறார். சத்தில்லாத கஞ்சி அது, உயிருள்ள மதம் என்றைக்கும் ஒரு குறிப்பிட்ட மதமாகத்தான் இருக்கும் என்கிறார். நீர்த்துப்போன மதத்தை எதிர்த்தவரைப் பிடித்து, நீர்க்கவைத்தவர் என்கிறோம்.

கதே முதல் இரண்டு மூன்று உரைகளைப் புகழ்ந்து படித்தார். போகப்போகக் கிறிஸ்தவ வாடை தூக்கலாக இருக்கிறது என்று முகம் சுளித்துவிட்டார். ஷ்லேகலே இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 3, பிற்பகல்

நீர்க்கவைத்தது யாருமே இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறார்கள். ஆனால் அது வேறு கிளை. 1831 நவம்பரில் ஸ்ட்ராவுஸ் என்ற இளைஞர் ஹேகலிடம் பாடம் கேட்க டூபிங்கன் பக்கமிருந்து பெர்லினுக்கு வந்திருந்தார். மரியாதைக்காக ஷ்லையர்மாகரைப் பார்க்கப் போனார். ஹேகல் காலராவில் இறந்துவிட்டார் என்ற செய்தியை ஷ்லையர்மாகர் வாயிலிருந்துதான் கேட்டார். "அவருக்காகத்தானே நான் இங்கே வந்தேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த ஸ்ட்ராவுஸ்தான் 1835இல் இயேசுவின் வாழ்க்கையை எழுதி, சுவிசேஷத்து அற்புதங்கள் ஆதிச் சபையின் மனதில் விளைந்த புராணம் என்றவர். டூபிங்கனில் வேலை போயிற்று. 1839இல் சூரிக்கில் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். ஊர்மக்கள் கிளர்ந்து எழுந்ததில், ஒரு வகுப்புகூட எடுக்காமல் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 5

இன்றைக்கு நாய் விஷயம். ஒருவர் எடுத்துப்போட்டிருக்கிறார்: ஷ்லையர்மாகர் சொல்கிறபடி மதம் என்பது சார்ந்திருக்கும் உணர்வுதான் என்றால் நாய்தான் உத்தமக் கிறிஸ்தவன் என்று ஹேகல் எழுதினாரே, அதற்கு என்ன பதில்?

எழுதினார், 1822இல், தன் மாணவர் ஒருவரின் புத்தகத்துக்குக் கொடுத்த முன்னுரையில். ஷ்லையர்மாகரின் "கிறிஸ்தவ விசுவாசம்" வெளிவந்துகொண்டிருந்த நேரம். இருவரும் ஒரே பல்கலைக்கழகம்.

இதற்குப் பதில் ஷ்லையர்மாகர் புத்தகத்தின் நாலாவது பகுதியிலேயே இருக்கிறது. உலகத்தில் எதனோடு நமக்கு உறவு இருந்தாலும் அதில் கொஞ்சம் சார்பு, கொஞ்சம் சுதந்திரம் இரண்டும் கலந்திருக்கும். குழந்தை அப்பா அம்மாவைச் சார்ந்திருக்கிறது, ஆனால் அவர்களை அழவைக்கவும் சிரிக்கவைக்கவும் அதால் முடியும். குடிமகன் நாட்டைச் சார்ந்தவன், நாட்டை மாற்றவும் அவனால் முடியும். நாயும் எஜமானும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். எலும்புக்கு வாலாட்டி எஜமானை எழுந்திருக்கவைக்கிற நாய்க்கும் கொஞ்சம் அதிகாரம் உண்டு. ஆனால் நான் இருக்கிறேன் என்பதையே நான் உண்டாக்கிக்கொள்ளவில்லை. என் சுதந்திரம்கூட எனக்கு வந்து சேர்ந்ததுதான். திருப்பிக் கொடுத்துச் சமன்செய்ய முடியாத அந்தச் சார்பு எங்கிருந்து வருகிறதோ அதைத்தான் கடவுள் என்கிறோம் என்கிறார். சுதந்திரமே இல்லாத பிராணிக்கு இந்த உணர்வு வராது. சுதந்திரத்தை ருசித்தவனுக்குத்தான் வரும்.

அவர் சொல்வது உணர்ச்சியை இல்லை. உணர்ச்சி வரும், போகும். கன்வென்ஷன் கூட்டத்தில் கீபோர்டு மெதுவாக வாசிக்கும்போது கண்ணில் நீர் வருகிறதே, அது உணர்ச்சி. இவர் சொல்வது உணர்வு, எண்ணத்துக்கும் செயலுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருப்பது. ஜெர்மனில் ஒரே சொல்தான், தமிழ் நமக்கு இரண்டு கொடுத்திருக்கிறது. உரைகளில் இரண்டாவதை எனக்காகத் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஓர் இடத்தில் தமிழ் மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 5, இரவு

"சார்புணர்வு" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் குறள் நினைவுக்கு வருகிறது. சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின். ஆனால் அங்கே வழி நேர் எதிர்: பொருள்களின் மேல் உள்ள சார்பு கெட வேண்டும். கொஞ்சம் யோசித்தால் இரண்டும் சண்டை போடவில்லை. உலகத்துப் பொருள் எதையும் முழுச்சார்பாகக் கொள்ளாதே என்பதில் ஷ்லையர்மாகரும் வள்ளுவரும் ஒரே பக்கம். லைப்ஸிக் மிஷன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ்நாட்டில் வந்து தங்கித் தமிழ் படித்து, 1856இல் குறளை ஜெர்மனில் கொண்டுவந்தார். அந்த வரியை அவர் எப்படி ஜெர்மனாக்கினார் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 6

தனிப்பட்ட விஷயம் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் இந்த இழை முழுதாகாது.

என் அக்கா மகன் எட்டு வயதில் குளத்தில் போய்விட்டான். அடக்கத்துக்கு வந்த போதகர் குழியோரத்தில் நின்று, தோட்டக்காரர் தமக்குப் பிரியமான பூவைப் பறித்துக்கொண்டார், சோதனைகள் நிறைந்த இந்த உலகத்துக்கு இவனைத் தப்புவித்தார், இவன் இப்போது தூதர்களோடு விளையாடுகிறான் என்று பிரசங்கித்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அக்கா அவனுடைய ரப்பர் செருப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். இன்னொன்று குளத்திலிருந்து கிடைக்கவில்லை. பிரசங்கம் முடிகிறவரைக்கும் அந்தச் செருப்பின் வாரில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு மூன்று வருடம் அவள் கோவில் பக்கம் போகவில்லை. பறிக்கிறவர் வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்பாள்.

ஷ்லையர்மாகரின் ஒரே மகன் நத்தானியேல் 1829 அக்டோபர் கடைசியில் ஒன்பது வயதில் இறந்தான். அடக்கப் பிரசங்கத்தை அப்பாவே செய்தார். அந்தப் பிரசங்கம் அச்சில் இருக்கிறது. நமக்குப் பழக்கமான ஆறுதல்கள் ஒவ்வொன்றாக அதில் வருகின்றன. பிள்ளை உலகத்தின் ஆபத்துகளுக்குத் தப்பிவிட்டது என்பார்கள். இவனை நல்லவனாக வளர்க்க எல்லாம் இருந்த வீடு இது, அந்த ஆறுதல் எனக்கு உதவவில்லை என்கிறார். பிரிந்தவர்களை மனக்கண்ணில் வரைந்து பார்த்துத் தேறிக்கொள்வார்கள். கூர்மையாக யோசித்துப் பழகியவனுக்கு அந்தப் படங்கள் பதில் இல்லாத ஆயிரம் கேள்விகளை விட்டுவிட்டுப் போகின்றன என்கிறார். எல்லாவற்றையும் இப்படி நகர்த்திவைத்த பிறகு அவர் கையில் மிஞ்சுவது யோவான் 17இல் வரும் ஜெபம்: நான் எங்கே இருக்கிறேனோ அவர்களும் அங்கே என்னுடனேகூட இருக்க விரும்புகிறேன்.

அந்தப் பிரசங்கத்தை நான் தமிழாக்கி அக்காவுக்கு ஒரு மத்தியானம் படித்துக்காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இவரும் காரணம் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். ஆமா அக்கா, சொல்லலை என்றேன். "அப்ப சரி. திரும்பப் படி."

மூலக் கேள்விக்கு வருகிறேன். அற்புதங்களை எடுத்துவிட்டார்கள் என்றால், எடுத்த பின் இடுகாட்டில் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இவர் நின்றார்.

பிப்ரவரி 8

1914ஐப் பற்றிப் பேசாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயம்.

அதற்கு முன் ஹார்னாக், அன்றைய லிபரல் இறையியலின் பெரிய பெயர். 1899-1900 குளிர்காலத்தில் பெர்லினில் எல்லாத் துறை மாணவர்களுமாக அறுநூறு பேர் வரை உட்கார, கிறிஸ்தவத்தின் சாரம் எது என்று பதினாறு சொற்பொழிவுகள். கையில் தாள் இல்லாமல் பேசியதை ஒரு மாணவர் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்ததால்தான் புத்தகமாக நமக்குக் கிடைத்தது. உமியை நீக்கி அரிசியை எடுக்க வேண்டும் என்பது அவர் வழி. அரிசி மூன்று மணி: முதலாவது, தேவராஜ்யம் வருகிறது; இரண்டாவது, கடவுள் தகப்பன், மனித ஆத்துமாவுக்கு அளவில்லாத மதிப்பு உண்டு; மூன்றாவது, மேலான நீதியும் அன்பின் கட்டளையும். நான் கல்லூரியில் இதைப் படித்த இரவு தூங்கவில்லை. அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

அந்த வெளிச்சத்துக்கு ஜார்ஜ் டிரெல் என்ற கத்தோலிக்க அறிஞர் சொன்ன பதில் இன்றைக்கும் சுடுகிறது. பத்தொன்பது நூற்றாண்டுக் கிணற்றுக்குள் ஹார்னாக் எட்டிப் பார்த்தார், அடியில் தெரிந்தது லிபரல் புராட்டஸ்டண்ட் முகத்தின் நிழல் என்றார்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும், பேரரசர் மக்களுக்கு விடுத்த அறிக்கைக்கு வரைவு எழுதிக்கொடுத்தவர் அதே ஹார்னாக். அக்டோபரில் போரை நியாயப்படுத்தி 93 ஜெர்மன் அறிஞர்கள் கையெழுத்திட்ட அறிக்கையிலும் அவர் பெயர் இருந்தது. கார்ல் பார்த்தின் பிரியமான ஆசிரியர் ஹெர்மன் பெயரும் இருந்தது. சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்ற தொழிலாளர் ஊரில் போதகராக இருந்த பார்த்துக்கு, தான் படித்த இறையியல் முழுவதும் அன்றைக்கே ஆடிப்போயிற்று. ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கம் அங்கிருந்துதான் வந்தது. உள்ளிருந்து எழும் உணர்வையே கடவுளின் குரல் என்று வைத்துக்கொண்டால், முரசு கொட்டும்போது எழுகிற உணர்வை என்ன செய்வாய்? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பார்த் கேட்டது சரியான கேள்வி.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் லிபரல் ஆட்கள் மட்டும் போருக்குக் கையெழுத்துப் போட்டது போல இருக்கிறது. பழமைவாதத் தரப்பின் தூணான டூபிங்கன் ஷ்லாட்டரும் அதே தாளில் கையெழுத்திட்டவர்தான். வேதாகமம் முழுவதும் அப்படியே நம்பியவர்களையும் முரசு தூக்கிக்கொண்டு போயிற்று. போருக்குப் பின் ஹார்னாக்கும் இன்னொரு லிபரல் இறையியலாளர் ட்ரோல்ட்ஷும் குடியரசை ஆதரித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷ்லையர்மாகரும் அரசுக்கு ஆமாம் போட்டவர் இல்லை. ஆராதனை முறையை அரசரே எழுதித் திணித்தபோது எதிர்த்து எழுதினார்.

பிப்ரவரி 10

இதை யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். இந்த மரபில் எனக்கு ஆறாத இடம் யூதர்கள் விஷயம். ஐந்தாவது உரையில் ஷ்லையர்மாகர் யூத மதத்தை வெகுகாலத்துக்கு முன்பே செத்துப்போன மதம் என்கிறார். சொல்கிறவர் மாலைதோறும் ஹென்ரியெட்டா ஹெர்ஸ் வீட்டில் உட்கார்ந்து பேசினவர். குடியுரிமைக்காக யூதர்களை ஞானஸ்நானம் வாங்கவைக்கக் கூடாது என்று அதே 1799இல் எழுதியவரும் அவர்தான்! ஆனாலும் அந்த வரி அப்படியே நிற்கிறது. பழைய ஏற்பாட்டைச் சபை இன்னும் வேதமாக வைத்திருப்பது முடக்குவாதம் என்று, பழைய ஏற்பாட்டைத் தள்ளிய இரண்டாம் நூற்றாண்டு மார்சியனைப் பற்றி முதல் உலகப் போருக்குப் பின் வந்த புத்தகத்தில் ஹார்னாக் எழுதினார். அந்த நாட்டில் அடுத்து நடந்தது நமக்குத் தெரியும். உமி என்று தள்ளியதில் எவ்வளவு பேருடைய அரிசி இருந்தது! உரைகளை மொழிபெயர்க்கும்போது இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. விடப் போவதில்லை.

பிப்ரவரி 11

இதெல்லாம் ஜெர்மன்காரர்கள் சண்டை, நமக்கு என்ன என்று கேட்டவருக்கு: அந்தச் சண்டை தாம்பரத்துக்கே வந்தது. 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு. டச்சுக்காரர் கிரேமர் அதற்கென்றே எழுதிய தடித்த புத்தகத்தோடு வந்தார். பார்த்தின் வழியில் நின்று, கடவுளின் வெளிப்பாட்டுக்கும் மனிதன் கட்டிய மதங்களுக்கும் தொடர்ச்சி கிடையாது என்றார். எதிரே நின்றவர் அதே கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் தத்துவம் கற்பித்த ஹாக். ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். ஜெர்மன் லிபரல் இறையியலாளர் ரிட்ஷல் வழியில் சிந்தித்தவர். மற்ற மதங்களின் கோட்பாடு ஒன்று, அந்த மதத்தாரின் உள்ளத்திலுள்ள விசுவாசம் இன்னொன்று. அந்த விசுவாசமும் கடவுளுக்குள் மறைந்திருக்கும் உயிராக இருக்கலாம் என்று அவர் வாதாடினார். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த செஞ்சையாவும், பிறகு சென்னை மேயரான சக்கரையும் நண்பர்களோடு சேர்ந்து அதே வருடம் கிரேமருக்கு மறுப்பாக ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்கள்.

என் மனம் ஹாக் பக்கம். எங்கள் தெருவில் நாற்பது வருடமாகப் பிரதோஷம் தவறாத ஒரு பாட்டி இருந்தார். அக்காவின் துக்கத்தில் முதல் மூன்று இரவும் கூடவே தரையில் படுத்திருந்தவர் அவர்தான். அவருடைய விசுவாசத்துக்குத் தொடர்ச்சி கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிப்ரவரி 12

ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மன் இறையியலாளரை மறந்துவிட்டேன். உரைகளின் நூறாவது வருடத்தில், 1899இல், அவற்றை மறுபடி பதிப்பித்தவர். இந்தியாவுக்கு இரண்டு முறை வந்தார், ராமானுஜரைப் படித்தார். 1930இல் எழுதிய புத்தகத்தில், லூத்தரின் கிருபைக் கோட்பாட்டுக்குப் பக்கத்தில் நம் வைணவத்தின் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி நியாயங்களை வைத்துப் பார்க்கிறார். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். முதலாவது வடகலை, இரண்டாவது தென்கலை. ஷ்லையர்மாகரின் முழுச்சார்பு பூனைக்குட்டிக் கட்சிதான் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 12, இரவு

பூனைக்குட்டி என்று எழுதியது கோட்பாட்டுக்குச் சரி, மனிதருக்குச் சரியில்லை. நத்தானியேல் பிரசங்கத்தை இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். தாய் கவ்வியிருப்பதாக அந்த அப்பா எங்கும் சொல்லவில்லை. ஒரே ஒரு வசனத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

மொழிபெயர்ப்பு பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. எல்லையற்றதைக் காண்பதற்கு அவர் போடுகிற சொல்லை இதுவரை "உள்ளுணர்வு" என்று எழுதிவந்தேன். அது தப்பு, எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். அவர் சொல் பார்ப்பதிலிருந்து வருவது. நம் அளவை நூல்களில் காண்டல், கருதல், உரை என்று வரிசை உண்டு. சபை உரையைப் பிடித்தது, கான்ட் கருதலை அளந்தார், இவர் காண்டலைக் கேட்டார். "காண்டல்" என்றே போடப் போகிறேன். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், அவளுக்கு "பார்வை" போதுமாம்.